மலையையும் கடலையும் நம் பிள்ளைகள் பார்க்கட்டும்!

மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு லேத் பட்டறைத் தொழிலாளி இருக்கிறார். அவருடைய மகள் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். ஒருநாள் இரவு அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தாள். முகத்தில் கவலை.

"அண்ணே! காடு பார்க்க, கடல் பார்க்க ஏழு நாள் கூட்டிப் போகிறார்களாம். நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். செலவு ஆறாயிரம் ரூபாய். பாடம் புத்தகத்தில்தானே இருக்கிறது? ஊர் சுற்றினால் மார்க் வருமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பு இல்லை. ஆறாயிரம் ரூபாய் அவருக்குப் பெரிய தொகை. வயது வந்த பெண்ணை வெளியூர் அனுப்புவது அதைவிடப் பெரிய கவலை. ஆனாலும், "கையெழுத்துப் போடுங்கள்" என்றேன். அரை மனதோடு போட்டார்.

மழைக்காட்டில்

பெண் போய்விட்டு வந்தாள். "என்னம்மா பார்த்தாய்?" என்று கேட்டேன்.

"மாமா! பொதிகை மலைக் காட்டுக்குள் போனோம். நடுப்பகலில்கூட மங்கலான வெளிச்சம்தான். காலில் அட்டை ஏறிவிட்டது. முதலில் அழுதேன். பிறகு பழகிவிட்டது" என்று சிரித்தாள்.

மழைக்காடு என்பது ஒரு பெரிய பஞ்சு. மழை நேரே தரையில் விழுவதில்லை. இலைகள் அதைத் தாங்குகின்றன. உதிர்ந்த சருகும் வேரும் தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. மழை நின்ற பிறகும் அந்தத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. அதனால்தான் பொதிகையில் பிறக்கும் தாமிரபரணியை வற்றாத நதி என்கிறோம். திருநெல்வேலி, தூத்துக்குடி மக்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். வயல்களுக்குப் பாய்வதும் அதுதான்.

1988-ல் களக்காடு, முண்டந்துறைக் காடுகளைச் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். சிங்கவால் குரங்கு அங்கே வாழ்கிறது. உலகத்தில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறு எந்தக் காட்டிலும் அது கிடையாது.

கடலுக்குள் தோட்டம்

அங்கிருந்து மாணவர்கள் மண்டபம் போனார்கள். அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏறிப் பவளப்பாறைகளைப் பார்த்தார்கள்.

பவளம் என்றால் நமக்கு நகைக்கடை ஞாபகம் வரும். அந்தச் சிவப்புப் பவளம் வேறு சாதி. பாறை கட்டும் பவளம், கூட்டம் கூட்டமாக வாழும் சின்னஞ்சிறு பிராணி. கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்து வீடு கட்டிக்கொள்கிறது. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்துக்கும் கொடுக்கிறது. வீடு கொடுத்தவருக்குக் குடித்தனக்காரர் சோறு போடுகிறார்!

கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்த உறவு முறிகிறது. பாசி வெளியேறுகிறது. பவளம் வெள்ளை வெளேர் என்று வெளுத்துவிடுகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினியால் சாகும். 2016-ல் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் இப்படிப் பெருமளவு வெளுத்தன.

"செத்த பவளமும் பார்த்தேன் மாமா. எலும்பு மாதிரி கிடந்தது. அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை" என்றாள் அந்தப் பெண்.

பவளப்பாறை மீன்குஞ்சுகளுக்குத் தொட்டில். அது அழிந்தால் மீன் குறையும். மீன் குறைந்தால் மீனவர் வீட்டில் அடுப்பு எரியாது. ஒரு காலத்தில் தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். 1986-ல் அங்குள்ள 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்கா ஆயின. 2001-ல் பவளத்துக்கும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடைத்தது.

இரண்டும் ஒன்றுதான்

தாமிரபரணி பொதிகையில் பிறந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மலையில் காட்டை அழித்தால் மண் கரைந்து ஆற்றில் வரும். சேறு கடலுக்குப் போகும். சேறு மூடிய பவளத்துக்கு வெயில் ஏது? சோறு ஏது? இதைப் புத்தகத்தில் படித்தால் பரீட்சையோடு மறந்துவிடும். கண்ணால் பார்த்தவர் சாகும் வரை மறக்க மாட்டார்.

மழைக்காட்டையும் பவளப்பாறையையும் ஒருசேரப் பார்ப்பதற்காகவே வெளிநாட்டு மாணவர்கள் பலர் ஆஸ்திரேலியா வரை விமானத்தில் பறக்கிறார்கள். நாம் இரவு ரயில் ஏறினால் காலையில் திருநெல்வேலி!

ஆனால் நம் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் சுற்றுலா என்றால் என்ன? ராட்டினம், செயற்கை அலை, சாப்பாடு. அவ்வளவுதான். விளையாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது காட்டையும் கடலையும் காட்டுங்கள் என்கிறேன்.

"கூட்டம் போனால் காடு கெடாதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால் சிறு குழுவாகப் போக வேண்டும். வனத்துறை அனுமதியோடு போக வேண்டும். கிளை ஒடிக்கக் கூடாது. பவளத்தைத் தொடக் கூடாது. பிளாஸ்டிக் எறியக் கூடாது. பெண் பிள்ளைகளோடு ஆசிரியைகள் போக வேண்டும். ஏழை மாணவர் செலவை அரசாங்கமே ஏற்க வேண்டும். பணம் உள்ளவன் பிள்ளைக்கு மட்டும் பவளப்பாறை, தொழிலாளி பிள்ளைக்குப் படம் மட்டும் என்பது என்ன நீதி?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெண் தம்பியைக் கூட்டிக்கொண்டு கொரட்டூர் ஏரிக்குப் போனாள். கையில் நோட்டுப் புத்தகம். பறவைகளை எண்ணப் போகிறாளாம். பின்னாலேயே அவள் அப்பாவும் போனார்.

"நீங்கள் எங்கே?" என்று கேட்டேன்.

"இத்தனை வருஷம் இந்த ஏரிப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன் அண்ணே. பறவை வருகிறது என்று அவள் சொல்லித்தான் தெரியும்" என்றார்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளையும் அப்படி ஒரு தாளைக் கொண்டு வந்தால், யார் கூட்டிப் போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று நன்றாக விசாரியுங்கள். விசாரித்த பிறகு முழு மனதோடு கையெழுத்துப் போடுங்கள்.