சிவப்பு மையும் கறுப்பு மையும்

வேலையில் இருந்த 32 வருஷமும் காலையில் எனக்கு முதல் வேலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதுதான். தாமதமாகப் போனால் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு விழும். அந்தச் சிவப்புக்குப் பயந்த அளவு நான் மேலதிகாரிக்குக்கூடப் பயந்ததில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்றே நினைத்திருந்தேன். அது தவறு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் எகிப்திலிருந்து வந்த ஒரு சுண்ணாம்புக்கல் பலகை இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் 40-ஆம் ஆட்சியாண்டில் எழுதியது. வயது 3,200 வருஷத்துக்கு மேல். அரசர்களின் கல்லறைகளில் வேலை செய்த 40 தொழிலாளர்களின் வருகைப் பதிவேடு அது! வராத தேதி கறுப்பு மையில். வராத காரணம் அதற்கு மேலே சிவப்பு மையில். ஒருவனைத் தேள் கொட்டியது. ஒருவனுக்குக் கண்நோய். ஒருவன் வீட்டில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். நம் ஆபீஸ் லீவு லெட்டர்களே தேவலை.

அந்த மையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கறுப்புக்குப் புகைக்கரி, சிவப்புக்குக் காவி மண். இரண்டிலும் மரப்பிசினும் தண்ணீரும் சேர்த்து, வில்லையாக உலர்த்தி, மரப்பலகையின் இரண்டு குழிகளில் வைத்துக்கொள்வார்கள். கோரைத் தண்டின் நுனியை நார்நாராக்கி, ஈரப்படுத்தி, வில்லையில் தொட்டு எழுதுவார்கள். ஈரத்துணியால் துடைத்தால் அழிந்துவிடும். ஆனால் கரி வெளிச்சத்தில் வெளுக்காது. எகிப்தின் வறண்ட காற்றும் சேர்ந்து அதைக் காப்பாற்றியது.

2013-இல் செங்கடல் கரையில், வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பாப்பிரஸ் சுருள்களைக் கண்டெடுத்தார்கள். சுமார் 4,500 வருஷப் பழமை. மெரர் என்ற மேற்பார்வையாளர், பெரிய பிரமிடு கட்டத் துரா குவாரியிலிருந்து படகில் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போன தினசரிக் குறிப்பு அது. பிரமிடைப் பார்த்தால் குஃபு மன்னன் ஞாபகம் வருகிறான். கல் ஏற்றிப்போனவர்களை ஞாபகம் வைத்திருப்பது அந்த மைதான். என்னைக் கேட்டால், இரண்டில் பெரிய சாதனை மைதான் என்பேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் ஓய்வு பெற்றபோது என் பணிப்பதிவேட்டில் இரண்டு வருஷத்துப் பதிவுகள் வெளுத்துப்போய்ப் படிக்க முடியவில்லை. மலிவான சாய மை. வேலை பார்த்தேன் என்று நிரூபிக்க ஏழு மாதம் அலைந்தேன். தேள் கொட்டியவனுக்கு 3,200 வருஷமாகச் சாட்சி இருக்கிறது. எனக்கு 30 வருஷத்துக்குக்கூட இல்லை.

இன்று பில், ரசீது எல்லாம் வெப்பத்தால் அச்சாகும் காகிதத்தில் வருகின்றன. பீரோவில் வைத்தாலும் நாளாவட்டத்தில் வெள்ளைத்தாள்தான் மிஞ்சும். கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குடும்பத்தின் பிறந்த தேதி, நிலத்தின் சர்வே எண், பழைய போட்டோவில் நிற்பவர்களின் பெயர், இவற்றை ஒரு நல்ல நோட்டில் கரி கலந்த கறுப்பு மையில் எழுதி வையுங்கள். நான் போன வாரம் ஆரம்பித்துவிட்டேன். முதல் பக்கத்தில் என் அம்மாவின் பெயர்.