ஆற்றுப்படையை மறந்த சுற்றுலா

வழிகாட்டுதலை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தெடுத்த மொழி தமிழ். பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனுக்குத் தான் சென்று வந்த வழியை எடுத்துரைப்பதே அவற்றின் பொருள். அவற்றுள்ளும் 583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாம் மலைவழியின் இயல்பை விரித்துரைப்பதில் தலைசிறந்தது. கால் வழுக்கும் இடம் எது, விலங்குக்கு அஞ்ச வேண்டிய இடம் எது, பசித்து வருவோர்க்கு உணவளிக்கும் குடியினர் யார் என்பவற்றையெல்லாம் அது தெளிவுறக் கூறுகின்றது. நடந்தவனே வழி சொல்லத் தக்கவன் என்பது அந்நூல்கள் உணர்த்தும் நெறி. அந்நெறியைப் பாடமாகக் கற்பிக்கும் தமிழ்ச் சமுதாயம், வாழ்வில் அதனைக் கைவிட்டு நெடுங்காலமாயிற்று. ஜோகூர் மாநிலத்தின் மலைகளும் காடுகளும் தோட்டப் பாதைகளுமே அதற்குச் சான்று.

உல்லாசக் கப்பல்களில் வரும் பயணியரைக் கரையிறக்கி, மிதிவண்டியிலும் கால்நடையாகவும் ஊர்ப்புறங்களுக்கு அழைத்துச் செல்லுதல் வெப்பமண்டல நாடுகளின் துறைமுகங்கள்தோறும் நடைபெறும் வணிகம். காலையில் இறங்குவோர் மாலையில் கப்பலேறிவிட வேண்டும். அவ்விடைப்பொழுதில் ஒரு நாட்டையே காட்டிவிடுவதாக வழிகாட்டி உறுதியளிக்கின்றார். ஜோகூரில் பயணியர்க்குக் காட்டப்படுவனவும் இத்தகையனவே. கூக்குப் மீனவர் குடியிருப்பு, அலையாத்திக் காடு, பழத்தோட்டம், செம்பனைத் தோட்டம், அவற்றோடு பால்மரம் சீவும் காட்சி! உளியால் பட்டையைச் சீவியதும் வெண்பால் வடிந்து மங்கில் விழுகின்றது. பயணியர் படமெடுத்துக்கொள்கின்றனர். அடுத்த காட்சிக்கு நேரமாகிவிடுகின்றது.

அயல்நாட்டாரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் பொருள் கொடுத்து வருகின்றார், வெயிலில் வியர்வை சிந்தி மிதிவண்டி மிதிக்கின்றார், காட்டியதைக் காண்கின்றார். குறை காட்டுபவரிடத்தும், காட்ட வேண்டியவர் வாளாவிருப்பதிலுமே உள்ளது. அந்த மங்கில் விழுந்தது மரத்தின் பால் மட்டும்தானா? ஒரு மக்கள் கூட்டத்தின் முக்கால் நூற்றாண்டு வாழ்வும் அதில் வடிந்ததன்றோ? 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த இரப்பர்க் கன்றுகளின் வரலாற்றையும், 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் வணிக முறையில் இரப்பர் பயிரிட்டதையும் சில வழிகாட்டிகள் சொல்லக்கூடும். காடழித்து, மரம் நட்டு, விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, நிரை நிரையாகச் சீவி, வாளி சுமந்தவர் யார் என்பதைச் சொல்வார் அரியர். கங்காணி முறையில் கடல் கடந்து வந்த தமிழரின் வாழ்வு, விளக்கமற்ற ஒரு வேடிக்கைக் காட்சியாகச் சுருங்கிவிட்டது.

மிதிவண்டி உருளும் சாலைகளுக்கும் வரலாறு உண்டு. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8இல் கோத்தபாருவில் கரையிறங்கிய சப்பானியப் படை, மிதிவண்டிகளையும் துணையாகக் கொண்டே தீபகற்பத்தைக் கடந்தது. 1942 சனவரி 14இல் கிம்மாஸ் அருகே ஆத்திரேலியப் படையினரின் பதுங்கித் தாக்குதலுக்கு உள்ளானது அத்தகைய மிதிவண்டிப் படையே. அம்மாதம் 31ஆம் நாள் ஆங்கிலேயர் ஜோகூரை விட்டுச் சிங்கப்பூருக்குப் பின்வாங்கிப் பாலத்தைத் தகர்த்தனர். அதன்பின் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் நிறைவுற்ற அந்த 415 கிலோமீட்டர் பாதையிலிருந்து திரும்பாதார் தொகை பெரிது. அவர்கள் எந்த இலயத்திலிருந்து புறப்பட்டனரோ, அந்த இலயம் இருந்த இடத்தைக் கடந்துதான் இன்றைய மிதிவண்டி மகிழ்வுலா செல்லக்கூடும். ஒரு நொடி நின்று சொல்வதற்கு அங்கே ஆளில்லை.

எனினும், அயலார்க்கு அமைந்த சுற்றுலாவைப் பழிப்பதோடு தமிழாசிரியர் அமைந்துவிடலாகாது. அதனினும் இரங்கத்தக்கது தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் கல்விச் சுற்றுலா. விடியற்காலையில் பேருந்து புறப்படுகின்றது. குளிரூட்டிய பேருந்தின் திரைச்சீலைகள் மூடப்பட்டு, திரைப்படம் ஓடுகின்றது. கேளிக்கைப் பூங்கா, அடுத்துப் பேரங்காடி, இறுதியில் விரைவுணவுக் கடை. மாணாக்கர் கையில் ஞெகிழிப் பொம்மையோடு வீடு திரும்புகின்றனர். பள்ளியின் ஆண்டறிக்கையில் 'கல்விச் சுற்றுலா இனிதே நடந்தேறியது' என ஒரு வரி ஏறுகின்றது. கல்வி எங்கே நிகழ்ந்தது என்று கேட்பாரில்லை. கப்பற்பயணி தம் கால்களையேனும் வருத்தினார். இம்மாணாக்கரோ மண்ணில் கால் பதியாமலே சென்று மீண்டனர். பிள்ளைகள் மகிழ்வது தவறன்று. அம்மகிழ்ச்சிக்குக் கல்வி என்று பெயரிடுவதே தவறு.

ஜோகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மாநிலத்தின் வடமேற்கில் 1276 மீட்டர் உயர்ந்து நிற்பது லேடாங் மலை. இயற்கை அறிஞர் ஆல்பிரட் ரசல் வாலசு 1854இல் மலாய்க்காரர் அறுவரைத் துணைகொண்டு மலாக்காவிலிருந்து சென்று இம்மலையில் ஏறினார். அங்குக் கண்ட பெரணிகளையும் குடுவைச் செடிகளையும் வியந்து எழுதினார். மன்னனின் மணவேட்கையை மறுக்க, நிறைவேற்றவியலாத நிபந்தனைகளை விதித்த இளவரசியின் கதையால் மலாய் மக்கள் இம்மலையைப் போற்றுகின்றனர். அதன் அடிவாரத்து அசகான் பகுதியிலேயே தான் சே யானின் பெருந்தோட்டமும் அமைந்தது. அறிவியல், வரலாறு, கதை மூன்றும் கூடும் இம்மலையின் நிழலில் வளரும் தமிழ் மாணாக்கருள் எத்தனை பேர் அதன் அருவிக்கரைவரையேனும் நடந்திருப்பர்? கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களைப் பற்றிப் படிப்போர், கண்ணெதிரே நிற்கும் குறிஞ்சியின் ஒரு செடியையும் அறியாரெனில், அஃது இலக்கியக் கல்வியாகுமா?

மலை மட்டுமன்று. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனையாகிய தஞ்சோங் பியாய் ஜோகூரிலேயே உள்ளது. அம்முனையும் கூக்குப் தீவும் 2003இல் உலகளாவிய ஈரநிலச் சிறப்புப் பட்டியலில் இடம்பெற்றன. நெய்தலைக் கற்பிக்க அதனினும் சிறந்த வகுப்பறை வேண்டுமா? 1985–86இல் மலேசிய இயற்கைக் கழகத்தினர் அறிவியல் ஆய்வுப் பயணம் மேற்கொண்ட எண்டாவ்–ரொம்பின் காடும் இங்கேதான். ஜோகூர்ப் பகுதியிலுள்ள அக்காடு 1993இல் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அங்குக் கம்போங் பெத்தாவில் வாழும் ஜாக்குன் பழங்குடியினர் தாமே வழிகாட்டிகளாக நின்று, தம் ஆற்றையும் காட்டையும் வருவோர்க்கு அறிமுகம் செய்கின்றனர். தம் மண்ணின் கதையைத் தாமே சொல்லும் அப்பெருமிதம் தமிழர்க்கும் வாய்க்க வேண்டாவா?

இங்கே மறுப்புரைப்பார் சிலர் உளர். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்பது அவர்தம் முதல் வினா. இது தள்ளத்தக்க வினாவன்று. மழைக்காலத்தில் ஓடை பெருகும், பாறை வழுக்கும், கவனக்குறைவு உயிரையும் வாங்கும். ஆனால் இவ்வினாவுக்கு விடை, போகாதிருத்தலன்று, ஆயத்தத்தோடு போதலே. லேடாங் மலையேறுவோர்க்கு மலையறிந்த வழிகாட்டியின் துணை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. தொடக்கப்பள்ளி மாணாக்கர் உச்சிவரை ஏறவும் வேண்டா. அடிவாரப் பாதையில் ஒரு மணி நேரம் நடத்தலே போதும். இடரை முன்கூட்டி உரைத்து, அதனைக் கடக்கும் வழியையும் உரைப்பதன்றோ மலைபடுகடாம்? அந்நூலைக் கற்பிப்பவர் இடரைக் கண்டு பள்ளிக் கதவை அடைத்துக்கொள்ளுதல் முரணன்றி வேறென்ன?

தேர்வுக்கு இடையூறாகும் என்பது இரண்டாவது மறுப்பு. அதற்கு அடித்தளமாக இருந்த ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. தேர்வு போன பின்னும் தேர்வச்சம் போகவில்லை என்றால், நோய் தேர்வில் இல்லை. ஆசிரியர் உள்ளத்திலேயே உள்ளது. பொருட்செலவு மிகும் என்பது மூன்றாவது மறுப்பு. கேளிக்கைப் பூங்காவின் நுழைவுச் சீட்டுக்குக் கையேந்தாமல் கொடுக்கும் பெற்றோரிடம், தோட்டப் பாதையில் மிதிவண்டியில் செல்வதற்குச் செலவாகும் என்று கூறுவது நகைப்புக்கிடமானது. தமிழாசிரியர்க்கும் காட்டுக்கும் என்ன தொடர்பு என்பது நான்காவது. முதல், கரு, உரி எனப் பொருளை வகுத்து, நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்த இலக்கணத்தைக் கற்பிப்பவரே இவ்வாறு வினவுவாராயின், அவர் நூற்பாவை மட்டுமே கற்றவர். பொருளைக் கல்லாதவர் எனல் வேண்டும்.

செய்ய வேண்டுவன அரியன அல்ல. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் தமிழ் பயிலும் ஒவ்வொருவரும், தாம் பணியாற்றப் போகும் ஊரைச் சுற்றி ஒரு முறையேனும் நடந்தறிதல் வேண்டும். நடவாத ஆசிரியர் நடத்திச் செல்ல இயலாது. ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டாரத்துக்கு ஓர் ஆற்றுப்படையை உருவாக்கலாம். பள்ளி வாயிலில் தொடங்கி, பழைய இலயம் இருந்த இடம், தோட்டத்துக் கோயில், ஆலை, ஆற்றுத்துறை, இடுகாடு என வழியை வகுத்து, அங்குள்ள மரங்களின் தமிழ்ப் பெயரையும் மலாய்ப் பெயரையும் குறித்து, முதியோர் கூறும் செய்திகளை மாணாக்கரைக் கொண்டே எழுதுவிக்கலாம். உயர்நிலைப்பள்ளி மாணவர் மிதிவண்டியில் அவ்வழியே இளையோரை அழைத்துச் செல்லலாம். அவர்களுட் சிலர் பின்னர் உரிமம் பெற்ற வழிகாட்டிகளாகவும் உயரலாம். அன்று கப்பலிலிருந்து இறங்கி வரும் பயணியும், பால்மரத்தின் முன் நின்று முழுக்கதையையும் கேட்பார்.

காலம் தாழ்த்தற்குரியதன்று இப்பணி. இரப்பர் நின்ற நிலங்களிற் பெரும்பகுதி செம்பனையாயிற்று. செம்பனையும் பல இடங்களில் வீடமைப்புப் பகுதியாயிற்று. பிரட்டுக்களத்தின் மணியோசையைக் காதாரக் கேட்டவர்கள் முதுமையெய்திவிட்டனர். சயாம் சென்று மீண்டோரைக் கண்ணாரக் கண்டவர்கள் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். அவர்தம் நினைவு மறையுமாயின், வழி இருக்கும். வழி சொல்வார் இரார். அப்போது தமிழர் பிள்ளைகளும், தம் பாட்டன் சீவிய மரத்தின் முன் அயலாரைப் போல் நின்று படமெடுத்துக்கொண்டு, பேருந்து ஏறிப் போய்விடுவர்.

தமிழாசிரியர் வரும் பள்ளித் தவணையிலேனும் சுற்றுலா விண்ணப்பத்தில் கேளிக்கைப் பூங்காவின் பெயரை எழுதுமுன் எழுதுகோலைச் சற்று நிறுத்தட்டும். அவ்விடத்தில் தம் ஊர் மலையின் பெயரையோ, ஆற்றின் பெயரையோ, தோட்டத்தின் பெயரையோ எழுதட்டும். பின்னர், பிள்ளைகளுக்கு முன்னதாகத் தாமே ஒரு முறை அவ்வழி நடந்து வரட்டும்.