மைதானத்தை விட்டுக்கொடுக்காத ஊர்

ஒரு ஊருக்கு விளையாட்டுக் கழகம் எதற்கு? கிண்ணம் வெல்ல என்பார்கள் பலர். பாடசாலையில் பிள்ளைகளோடு நாளைக் கழிக்கும் ஆசிரியர்களான நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஊரின் மைதானத்தையும் ஊரின் பிள்ளைகளையும் கைவிடாமல் வைத்திருப்பதுதான் கழகத்தின் முதல் வேலை. கிண்ணம் வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் கழகம் கழகம்தான்.

இதற்கு அயர்லாந்துக் கிராமம் ஒன்றின் கழகத்தை உதாரணமாகச் சொல்கிறோம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

அயர்லாந்தில் கேலிக் உதைபந்தாட்டம் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. நாம் விளையாடும் உதைபந்தாட்டம் வேறு, இது வேறு. ஒரு பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம். றக்பியில் இருப்பது போல உயர்ந்த இரண்டு கம்பங்கள், நடுவில் ஒரு குறுக்குக் கம்பம், அதன் கீழே வலை. வலைக்குள் போனால் மூன்று புள்ளிகள். குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி. இப்போது தூரத்திலிருந்து அடித்தால் இரண்டு புள்ளிகள் கொடுக்கிறார்கள்.

1884 இல், அயர்லாந்து முழுவதும் பிரித்தானிய ஆட்சியில் இருந்த காலத்தில், தர்லெஸ் என்ற சிறு நகரத்து ஹோட்டல் ஒன்றில் சிலர் கூடி கேலிக் விளையாட்டுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். ஆங்கிலேயரின் விளையாட்டுகள் பரவிய வேகத்தில் தங்கள் மண்ணின் விளையாட்டுகள் அழிந்துவிடும் என்ற கவலைதான் அவர்களைக் கூட்டியது. அதற்கு முன்னின்று உழைத்த மைக்கல் கியூசக் ஒரு ஆசிரியர். இதைச் சொல்லும்போது எங்களுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

இந்தச் சங்கத்தின் இரண்டு வழக்கங்களை நாம் கவனிக்க வேண்டும். ஒன்று, விளையாடுபவருக்குச் சம்பளம் இல்லை. டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் 80,000 பேருக்கு முன்னால் இறுதிப் போட்டியில் விளையாடியவரும் பிறகு தன் வேலைக்குத்தான் திரும்பிப் போகிறார். அவர்களில் பலர் பாடசாலை ஆசிரியர்கள். மற்றது, நீங்கள் எந்த ஊரோ அந்த ஊர்க் கழகம்தான் உங்கள் கழகம். பக்கத்து ஊர்க்காரர் பணத்தைக் காட்டி உங்களை வாங்கிக்கொண்டு போக முடியாது. வாப்பா விளையாடிய கழகத்தில் மகன், அதன் பிறகு பேரன் என்றுதான் போகும்.

நாங்கள் சொல்ல வந்த கழகம் குரொஸ்மக்ளென் ரேஞ்சர்ஸ். ஆர்மா மாவட்டத்தின் தென்கோடியில் சுமார் 1,600 பேர் வாழும் ஊர் அது. கழகம் 1887 இல் ஆரம்பிக்கப்பட்டது. 1921 இல் அயர்லாந்து இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது இந்த ஊர் எல்லைக்கு வடக்கே, பிரித்தானியாவின் பக்கம் விழுந்தது. கொஞ்ச தூரம் போனால் எல்லை. கத்தோலிக்க மக்கள் மிகப் பெரும்பான்மையாக வாழும் ஊர். பிரிவினையை அங்கே மனதார ஏற்றுக்கொண்டவர்கள் மிகக் குறைவு.

1960களின் இறுதியில் வட அயர்லாந்தில் யுத்தம் மூண்ட பிறகு நிலைமை மிகவும் மோசமானது. ஐரிஷ் குடியரசுப் படை பலமாக இருந்த இடம் தென் ஆர்மா. பிரித்தானிய அமைச்சர் ஒருவர் அந்தப் பகுதியையே ‘கொள்ளையர் நாடு’ என்றார். அந்தப் பெயர் பல வருடங்கள் ஒட்டிக்கொண்டது. வீதிகளில் கண்ணிவெடி இருந்ததால் இராணுவம் ஹெலிகொப்டரிலேயே வந்து போனது. இராணுவத்தினர், பொலிஸார், பொதுமக்கள் என்று பலர் அந்தப் பகுதியில் உயிரிழந்தார்கள்.

ஊருக்குள் இருந்த இராணுவ முகாம் கழகத்தின் மைதானத்தை ஒட்டியே இருந்தது. கழகத்தின் காணியில் ஒரு பகுதியை இராணுவம் எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் பந்து விளையாட, தலைக்கு மேலே ஹெலிகொப்டர்கள் வந்து போகும். மதிலுக்கு அப்பால் காவற் கோபுரம். ஒரு தலைமுறையே இப்படித்தான் விளையாடப் பழகியது. இது எப்படி இருந்திருக்கும் என்று நம் நாட்டில், குறிப்பாக வடக்கிலும் கிழக்கிலும் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டிய தேவை இல்லை.

கழகத்தை மூடிவிட்டுப் போயிருக்கலாம். இரண்டு மைல் தள்ளி வேறு காணி பார்த்திருக்கலாம். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. காணியைத் திருப்பித் தாருங்கள் என்று வருடக் கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மிச்சமிருந்த மைதானத்தில் விளையாடிக்கொண்டும் இருந்தார்கள். எங்கள் பார்வையில் இந்த இரண்டாவது விடயம்தான் பெரியது. விளையாட யாரும் வராத மைதானம், பத்திரம் யார் கையில் இருந்தாலும், சீக்கிரம் வேறு யாருடையதாகவோ ஆகிவிடும்.

அப்படிப் பழகிய பிள்ளைகள் என்ன ஆனார்கள் தெரியுமா? 1996 முதல் 2008 வரை ஆர்மா மாவட்டச் சம்பியன் பட்டத்தைத் தொடர்ந்து 13 தடவைகள் வென்றார்கள். 1997 மார்ச் 17, புனித பற்றிக் தினத்தில், குரோக் பார்க்கில் முதல் தடவையாக அகில அயர்லாந்துக் கழகச் சம்பியன் ஆனார்கள். பிறகு 1999, 2000, 2007, 2011, 2012. மொத்தம் ஆறு தடவைகள். 2000 இறுதிப் போட்டியில் அவர்களிடம் தோற்றது தலைநகர் டப்ளினின் ஒரு கழகம். முதல் மூன்று பட்டங்களின்போது பயிற்றுவித்த ஜோ கேர்னன் அதே கழகத்தின் பழைய வீரர். 2002 இல் ஆர்மா மாவட்ட அணி வரலாற்றில் முதல் தடவையாக அகில அயர்லாந்துக் கிண்ணத்தை வென்றபோதும் அவர்தான் முகாமையாளர். அந்த அணியிலும் குரொஸ்மக்ளென் பொடியன்கள் பலர் இருந்தார்கள்.

இதோடு நிறுத்தினால் இது வெறும் வெற்றிக் கதை. இன்னும் இரண்டு விடயங்கள் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஒஷீன் மக்கொன்வில் பற்றியது. கழகத்தின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். 2002 இறுதிப் போட்டியில் தண்ட உதையைத் தவறவிட்டு, பிறகு வெற்றிக்கு வழிசெய்த கோலை அடித்தவரும் அவரே. ஊரே கொண்டாடிய அந்த வருடங்களில் அவர் சூதாட்டத்துக்கு அடிமையாகி உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்தார். பிற்காலத்தில் சிகிச்சை பெற்று, அதைப் பகிரங்கமாகப் பேசி, புத்தகமாக எழுதி, மற்றவர்களை மீட்கும் ஆலோசகராகவும் ஆனார். நன்றாக விளையாடும் பொடியன் நன்றாகத்தான் இருக்கிறான் என்று நினைப்பது பெரியவர்களின் வழமையான சோம்பல். கோல் அடித்தவனைத் தோளில் தூக்கினால் மட்டும் போதாது. போட்டி இல்லாத நாட்களில் அவன் எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான் என்று கேட்கவும் கழகத்தில் ஒருவர் வேண்டும்.

இரண்டாவது விடயம் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். கேலிக் சங்கத்தில் 21 ஆம் விதி என்று ஒன்று இருந்தது. பிரித்தானிய இராணுவத்திலும் வட அயர்லாந்துப் பொலிஸிலும் இருப்பவர்கள் அங்கத்தவராக முடியாது என்றது அந்த விதி. 2001 வரை அது நீடித்தது. காணி பறிபோன ஊரின் கோபம் எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் அதே மண்ணில் புரட்டஸ்தாந்துப் பிள்ளைகளும் வளர்ந்தார்கள். அந்த விளையாட்டு தங்களுக்குரியதல்ல என்று எண்ணியே அவர்களில் பலர் வளர்ந்தார்கள். ஒரு சமூகத்தைக் காப்பாற்றிய அதே வேலி இன்னொரு சமூகத்தை வெளியே நிறுத்தியும் வைத்தது. 1998 சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு காணி கழகத்திடம் திரும்பியது. 2007 இல் இராணுவம் முகாமை விட்டுப் போனது. விதியும் போய்விட்டது. மனங்களில் உள்ள வேலி போக இன்னும் காலம் எடுக்கும்.

நம் ஊர்களிலும் கழகங்கள் இருக்கின்றன. சிரமதானம் செய்து மைதானம் துப்புரவாக்கிய வாலிபர்கள் இருக்கிறார்கள். சுற்றுப்போட்டிக் காலத்தில் இரவிரவாக விளக்குக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் கருத்து இதுதான். வெளியூரிலிருந்து காசு கொடுத்து வீரர்களைக் கொண்டுவந்து வெல்லும் கிண்ணம் அலுமாரிக்கு அழகு, அவ்வளவுதான். அந்தக் காசில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பந்து வாங்குங்கள். மைதானத்தின் எல்லைக் கல் எங்கே இருக்கிறது, உறுதி யாரிடம் இருக்கிறது என்று இன்றே தேடிப் பாருங்கள். பக்கத்துத் தமிழ், சிங்கள ஊர்ப் பிள்ளைகளும் வந்து விளையாட ஒரு வாசலைத் திறந்து வையுங்கள்.

1,600 பேர் உள்ள ஊரால் இராணுவ முகாமுக்குப் பக்கத்திலேயே ஒரு கழகத்தை உயிரோடு வைத்திருக்க முடிந்தது. நம் ஊர் மைதானத்தில் இன்று பின்னேரம் எத்தனை பிள்ளைகள் விளையாடினார்கள்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.