குறுக்கே கோடு போட்டால் கணக்கு வந்துவிடுமா?

என் பழைய மாணவர்களே, சொந்தங்களே, கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை தெருவுக்கு ஒரு டியூஷன். 6எக்ஸ்² + 17எக்ஸ் + 5 என்பதைக் காரணிப்படுத்த அங்கே பெரிய பெருக்கல் குறி போடச் சொல்கிறார்கள். மேலே 30, கீழே 17, பக்கங்களில் 15, 2. இரண்டையும் 6-ஆல் வகு: 5/2, 1/3. பகுதியைத் தூக்கி எக்ஸுக்கு முன்னால் போடு. (2எக்ஸ் + 5)(3எக்ஸ் + 1). முழு மதிப்பெண்!

6-ஐயும் 5-ஐயும் ஏன் பெருக்கினாய் என்று கேட்டால், "சார் சொன்னாரு" என்கிறது பிள்ளை.

விடையைத் திருப்பிப் பெருக்கிப் பாருங்கள். நடுவில் 2எக்ஸ், 15எக்ஸ் என இரண்டு துண்டுகள். 2 என்பது 2×1. 15 என்பது 5×3. இரண்டையும் பெருக்கி இடம் மாற்றினால் (2×3)×(5×1), அதாவது 6×5. அதனால்தான் 30. இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். அதற்குக்கூட நேரமில்லையாம், பரீட்சை வருகிறதாம்!

எக்ஸ்² − 6எக்ஸ் + 7 கொடுங்கள். பெருக்கினால் 7, கூட்டினால் −6 வரும் முழு எண்களே கிடையாது. கோட்டைப் போட்டுவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டு, தனக்குக் கணக்கே வராது என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். பிளஸ் ஒன்னில் கணக்கே வேண்டாம் என்று ஓடுவது அப்புறம்தான். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. (எக்ஸ் − 3)² − 2 என்று எழுதத் தெரிந்தால் வழி திறந்துவிடும். வர்க்கப் பூர்த்தி ஒன்றும் புதிதல்ல. ஸ்ரீதரர் சொன்ன விதியை 1150-லேயே பாஸ்கரர் பீஜகணிதத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

இந்த மாதம் பீஸ் கட்டும்போது, அந்த 30 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பிள்ளையை என் வீட்டுக்கு அனுப்புங்கள். சாயங்காலம் சும்மாதான் இருக்கிறேன்.