தோடு ஏன் சாய்கிறது?

வட்டவளையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். செப்புத் தகட்டில் காதணி வெட்டி ஹட்டனில் ஒரு கடைக்குக் கொடுக்கிறாராம். இரண்டு இலையும் ஒரு கொழுந்தும்தான் அவருடைய வடிவம். மெருகெல்லாம் நன்றாக இருந்தும், ஒன்று நேராகவும் மற்றது சாய்ந்தும் தொங்குகிறதென்று ஆறு சோடி திரும்பி வந்துவிட்டதாம். துளை போடும் மெஷின் பழுதோ என்று கேட்கிறார்.

மெஷினில் குற்றமிராது, சகோதரி. துளைக்குமுன் இடும் அடையாளத்தைப் பாருங்கள். பேனையால் ஒரு பொட்டு வைத்துவிட்டு மெஷினை எடுப்பவர்களே நம்மில் அதிகம். காதுக் கம்பி நுழைய 1 மி.மீ. துளை போதும். பேனைப் பொட்டோ அதே அகலம்! அதில் நடு எது, ஓரம் எது? போதாக்குறைக்கு, துளையூசியின் நுனி நாம் நினைப்பதுபோல் கூர்முனையன்று; மிகச் சிறிய உளிவாய். அதன் நடுப்பகுதி வெட்டாது, உரசும். வழவழப்பான தகட்டில் பள்ளம் கிடைக்கும்வரை வழுக்கி அலையும். ஆகவே ஊசி உட்கார ஒரு குழி வேண்டும்.

குஜராத்தின் கம்பாத் நகரில் அகீக் கல்லில் மணி செய்வோர் இதை நன்கறிந்தவர்கள். வில்லால் சுழற்றும் அவர்களுடைய ஊசியின் நுனியில் வைரத் துணுக்குகள் பதிந்திருக்கும். இருந்தும் முதலில் கல்லில் சிறு பள்ளம் கொத்திக்கொண்டுதான் துளைப்பார்கள்.

குழி எங்கே என்பதுதான் பெரிய கேள்வி. வட்டமென்றால் காகித அச்சை இரண்டாக மடித்தால் நடுக்கோடு கிடைத்துவிடும். இரண்டிலை ஒரு கொழுந்து அப்படியா? ஓர் இலை பெரிது, மற்றது சிறிது. கண்ணுக்கு நடுவாகத் தெரியும் இடம் பாரத்துக்கு நடுவாக இராது. பிஸ்கட் பெட்டி அட்டையில் அதே வடிவத்தை வெட்டி, தையலூசியால் குத்தித் தளர்வாகத் தொங்கவிடுங்கள். எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கமாகத் துளையைச் சற்று நகர்த்தி மறுபடி குத்துங்கள். நான்கு அட்டை வீணானாலும் காசு போகாது. துளைக்கும் ஓரத்துக்கும் இடையே ஒன்றரை மி.மீ. உலோகமாவது மிஞ்சட்டும், இல்லையேல் நாளடைவில் கம்பி அறுத்துவிடும்.

வட்டவளை மழையைச் சொல்லவேண்டியதில்லை. ஈரக்காற்றில் செம்பு கறுக்கும், மையும் பிடிக்காது. பழப்புளியால் தேய்த்துக் கழுவி, நன்கு துடைத்தபின் துளை வரும் இடத்தை அழியாத மைப் பேனையால் கறுப்பாக்குங்கள். அட்டையை ஓரம் பொருந்த வைத்து, அதன் துளை வழியே எஃகு ஊசியால் லேசாகக் குத்துங்கள். அந்தக் குத்தின் ஊடாக, இரும்பு அடிமட்டத்தை ஒட்டிக் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கீறல். கறுப்பின்மேல் மயிரிழையாய்ப் பளிச்சிடும்.

இனிச் சென்டர் பஞ்ச். அது இல்லாவிட்டால் நுனி தீட்டிய கொங்கிறீற் ஆணியும் உதவும். தகட்டை இரும்புக் கட்டியின்மேல் வைத்து, பஞ்சின் நுனியைக் கீறல் வழியே மெல்ல இழுத்துவாருங்கள். கீறல்கள் சந்திக்குமிடத்தில் நுனி இறங்குவது விரலுக்குத் தெரியும். இங்கே கண்ணைவிட விரலை நம்பலாம். பஞ்சை நிமிர்த்தி மெதுவாக ஒரு தட்டு. குழி விலகியிருந்தால் பஞ்சைச் சாய்த்துத் தட்டிச் சரியான பக்கம் தள்ளலாம். துளைத்தபின் அந்த வசதி கிடையாது.

இரண்டாவது தோட்டுக்கு மறுபடி அளக்க வேண்டாம். முதலாவதைத் துளைத்து, அதன் துளை வழியாகவே அடுத்ததைக் குறியுங்கள். இடக்காது வலக்காது என எதிரெதிராக அமையும் வடிவமானால் இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து ஒட்டிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்த சோடிகளில் பாதி இங்கேதான் பிழைத்திருக்கும் என்பது என் ஊகம்.

துளைக்கையில் தகட்டைக் கையால் பிடிக்காதீர்கள். ஊசி மறுபக்கம் வெளிவரும் கணத்தில் தகட்டைக் கவ்விச் சுழற்றிவிடும். பலகையில் இறுக்கிக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். முக்காட்டின் முனையைப் பின்னால் செருகிவிட்டுத்தான் மெஷினைத் தொட வேண்டும்.