நேரில் பார்க்கலாமா, கூடாதா?



போன மாதம் தமிழ் வகுப்பில் பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் ஐயா ஒரு வார்த்தை சொன்னார். "மனசுக்குப் பிடிச்சவங்களை தூரத்துல வச்சு ரசிக்கணும்டா. கிட்டப் போனா ஏமாந்துடுவீங்க." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சைக்கிளில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே வந்தது. ஐயா மேல் எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் தப்பு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கார் பைத்தியம் என்று உங்களுக்குத் தெரியும். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்கக் கார்தான். அதிலும் கடையில் வாங்குகிற கார் இல்லை, ஒருத்தன் தன் கையால் மாற்றிக் கட்டின கார். அமெரிக்காவில் இதற்கு ஹாட் ராட் என்று பெயர். பழைய ஃபோர்டு காரை மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, எடையைக் குறைத்து, எஞ்சினை நோண்டி வேகமாக ஓட விடுவார்கள். 1930-களில் கலிபோர்னியாவில் வறண்டுபோன ஏரிகளில் ஓட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமான ஓடுதளங்களில் ஓட்டினார்கள்.

இது யாரோ வெள்ளைக்காரன் கதை என்று பக்கத்துக் கட்டுரைக்குத் தாவிவிடாதீர்கள். நம் சோழவரத்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். ஏரி மட்டும்தான் சோழவரம் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1980-களின் கடைசி வரை அதில்தான் பந்தயம் நடத்தியது. ஃபியட்டும் ஹெரால்டும் ஓடின. வீட்டுக் கொட்டகையில் கட்டின ஸ்பெஷல் வண்டிகளும் ஓடின. வெளிநாட்டுச் சாமான் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம். அதனால் வேண்டியதை லேத்தில் கடைந்துகொண்டார்கள். பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பே சொந்தமாகப் பந்தயச் சாலை அமைத்தது. நீளம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். நாராயண் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது அங்கேதான். அதே ஆள் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது என் மாமா அந்த இருங்காட்டுக்கோட்டைக்கு என்னைக் கூட்டிப் போனார். மாமா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். செங்குன்றம், பூந்தமல்லி என்று பஸ் மாறிப் போய்ச் சேரும்போதே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. என் சட்டைப்பையில் ஆட்டோகிராஃப் வாங்க ஒரு நோட்டு. எனக்குப் பிடித்த ஓட்டுநர் ஒருவர் அன்றைக்கு வந்திருந்தார். பெயர் வேண்டாம். கூட்டத்தில் முண்டியடித்து நோட்டை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார், சிரித்தார், போய்விட்டார். மொத்தம் நாலு நொடி இருக்கும். மூன்று மாதமாக நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்வி தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஐயா சொன்ன ஏமாற்றம் இதுதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் அவர் மேல் என்ன குற்றம்? நாலு நொடியில் நான் கேட்டது கையெழுத்து, அவர் கொடுத்ததும் கையெழுத்து.

விஷயம் அதற்கப்புறம்தான். மாமாவுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் ஷெட்டில் இருந்தார். நரைத்த தலை, முழங்கை வரை கிரீஸ். சின்ன வயசில் சோழவரத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனாகச் சேர்ந்தவராம். காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு நான் கேட்டேன்:

"தாத்தா, இது மேக்ஸிமம் எவ்ளோ போகும்?"

"எவ்ளோ போகும்னு ஊரே கேக்குது. எங்க போய் நிக்கும்னு கேளு, சொல்றேன்" என்றார்.

அப்புறம் உட்கார வைத்துக் காட்டினார். முக்கியமான போல்ட் தலைகளில் பொடி ஓட்டை போட்டு, மெல்லிய கம்பியைக் கோத்து, ஒன்றோடு ஒன்று முறுக்கிக் கட்டியிருந்தது. அதிர்ச்சியில் ஒரு போல்ட் கழலப் பார்த்தால் கம்பி இழுத்துப் பிடிக்கும். முறுக்கி முடித்த நட்டு ஒவ்வொன்றின் மேலும் பெயின்டால் ஒரு கோடு. கோடு நேராக இல்லையென்றால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிரேக் டிஸ்க்கைத் தொடச் சொன்னார். "சோழவரத்துல நாங்க மொதல்ல பார்க்கறது இதத்தான். எஞ்சின் கைய விட்டா வண்டி நின்னு போகும். பிரேக் கைய விட்டா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குப் போர் அடித்தது. எஞ்சினைப் பற்றி ஏதாவது ரகசியம் சொல்வார் என்று பார்த்தால், மனுஷன் நட்டும் போல்ட்டும் பிரேக்கும் என்றே பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது ஆட்டோகிராஃபைத்தான் பத்து தடவை எடுத்துப் பார்த்தேன்.

இனிமேல்தான் என் தப்பு வருகிறது.

நம் பள்ளியில் படித்து முடித்த ஒரு அண்ணன் போன வருஷம் பழைய பைக் ஒன்று வாங்கினார். "டேய், நீதான் வண்டிப் பைத்தியமாச்சே, சவுண்டு ஏத்திக் குடுடா" என்றார். மாமா இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பட்டறை கிரைண்டரில் சைலன்சரின் உள்குழாயை அறுத்து எடுத்தது நான்தான். கண்ணாடிகளைக் கழற்றியதும் நான்தான். ஜி.என்.டி. ரோட்டில் அந்த வண்டி போனால் கவரைப்பேட்டை வரை கேட்கும். எனக்கு அவ்வளவு பெருமை.

பின் பிரேக் லைனர் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்தது. பார்க்கவில்லை. கிரீச் என்று சத்தம் வந்திருக்கும். நான் ஏற்றிவிட்ட சவுண்டில் அது யார் காதிலும் விழவில்லை.

சிப்காட் ரோட்டிலிருந்து திரும்பிய லாரி ஒன்றின் பின்பக்கத்தில் அண்ணன் போய் மோதினார். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. தொடை எலும்பு இரண்டாகப் போய், உள்ளே ராட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, "ஹாட் ராட் ஹாட் ராட்னு சொல்லுவியே, எனக்கும் ஒண்ணு வச்சுட்டாங்கடா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அம்மா எனக்கும் சேர்த்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்கள். சைலன்சரை அறுத்தது யார் என்று அவர்களுக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும், நானே போய்ச் சொன்னேன்.

அன்று ராத்திரிதான் அந்த மெக்கானிக் தாத்தா சொன்னது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஆட்டோகிராஃப் நோட்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. ஆனால் பெயின்ட் கோடும், முறுக்கின கம்பியும், "எங்க போய் நிக்கும்னு கேளு"வும் அப்படியே இருக்கின்றன. அதனால்தான் சொல்கிறேன், நேரில் பார்க்க வேண்டும். வேலை நடக்கிற இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கேள்வியோடு போக வேண்டும். பதில் பிடிக்காவிட்டாலும் காதில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். நான் முன்னதைச் செய்தேன், கடைசியாகச் சொன்னதைச் செய்யவில்லை.

"வீடியோவிலேயே எல்லாம் இருக்கே, எதுக்குடா நேர்ல?" என்று என் பெஞ்ச்சில் ஒருவன் கேட்கிறான். வீடியோவில் வேகம் மட்டும்தான் தெரியும். அஜித் குமார் ('தல' என்று கூப்பிட வேண்டாம் என்று 2021-ல் அவரே சொல்லிவிட்டதால் பெயரையே எழுதுகிறேன்) 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது சுவரில் மோதிச் சுழன்ற வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம். காயமில்லாமல் இறங்கி, சில நாளில் அவர் அணி 991 பிரிவில் மூன்றாம் இடம் வாங்கியதையும் கொண்டாடினோம். எப்படிக் காயமில்லாமல் இறங்கினார் என்று எத்தனை பேர் யோசித்தோம்? உள்ளே இருக்கிற இரும்புக் கூண்டு, உடம்போடு சேர்த்துக் கட்டும் பெல்ட், கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் கருவி, இதையெல்லாம் ஒருத்தர் நட்டு நட்டாகச் சரிபார்த்திருக்கிறார். அவர் முகம் வீடியோவில் வராது.

ஹாட் ராட் ஆட்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தவர் டான் கார்லிட்ஸ். நேர்கோட்டில் சீறிப்பாயும் டிராக் ரேஸ் கார்களைத் தானே கட்டித் தானே ஓட்டியவர். அப்போதெல்லாம் எஞ்சின் முன்னால், ஓட்டுபவர் அதற்குப் பின்னால். 1970 மார்ச்சில் கியர்பாக்ஸ் வெடித்து அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதியே போய்விட்டது. மனுஷன் விடவில்லை. எஞ்சினை ஓட்டுபவருக்குப் பின்னால் தள்ளிப் புதுசாக ஒரு வண்டியைக் கட்டி அடுத்த வருஷமே ஜெயித்தார். பிறகு எல்லோருமே அதைப் பார்த்து மாறிக்கொண்டார்கள். நம் பக்கம் என்றால் கோயம்புத்தூர் கரிவரதன். மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை ஆள் பந்தயக் கார்களை உருவாக்கியவர். நாராயண் முதன்முதலில் ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதி வகைதான். 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். நான் பிறப்பதற்கு முன்னாலேயே போய்விட்டதால் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என் நோட்டிலேயே கிடக்கின்றன.

உயிரோடு இருக்கிறவர்களையாவது பார்க்கலாம் அல்லவா? அதற்குத் துபாய் போக வேண்டாம். திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் செய்தார்கள். இப்போது அதே திருவள்ளூரில் சிட்ரான் கார் தயாராகிறது. நம் வகுப்புகளில் எத்தனை பேர் வீட்டில் அப்பாவோ சித்தப்பாவோ வார்ப்படம் ஊற்றுகிறார், லேத் ஓட்டுகிறார், பிரேக் டிரம் கடைகிறார்! அவர்களிடம் நாம் ஒரு கேள்வி கேட்டதுண்டா?

தலைமையாசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஜனவரியிலும் சாலைப் பாதுகாப்புக்காக நாங்கள் அட்டை பிடித்து ரோட்டோரம் நிற்கிறோம். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்கள். இந்த முறை அதற்குப் பதில் ஒரு பந்தய மெக்கானிக்கை அழைத்து வாருங்கள். சைலன்சரை அறுக்காதே என்று சட்டம் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. வண்டியின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னதும் இருக்கிறது. 18 வயதாகாதவன் ஓட்டிச் சிக்கினால் பெற்றவர்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் ஜெயிலும்கூட உண்டு. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும், தெரிந்தேதான் செய்கிறோம். ஆனால் நாங்கள் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற பந்தய உலகத்து ஆள் ஒருவரே வந்து, பிரேக்கைக் காட்டி, "எங்க போய் நிக்கும்?" என்று கேட்டால் அது வேற மாதிரி இறங்கும். அமெரிக்காவில்கூட வாலி பார்க்ஸ் என்பவர் 1951-ல் ஹாட் ராட் பையன்களுக்கென்று சங்கம் ஆரம்பித்ததே, அவர்களைத் தெருவிலிருந்து பந்தயத் தளத்துக்குக் கொண்டுபோகத்தான்.

இயற்பியல் சார் சொன்னபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். நம் வகுப்பறையை டேப் வைத்து அளந்தேன், 8 மீட்டர். அதாவது பிரேக்கை மிதிக்கணும் என்று நினைத்துக் காலை வைப்பதற்குள் இரண்டு வகுப்பறை தாண்டிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நாலு மடங்கு.

அண்ணனின் வண்டி இன்னும் மாமா பட்டறைச் சுவரோரம்தான் நிற்கிறது. பழைய சைலன்சர் ஒன்று தேடிப் பிடித்து வைத்திருக்கிறேன். பிரேக் லைனரும் வாங்கியாகிவிட்டது. சவுண்டு ஏற்ற நாங்கள் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு மாட்டப் போகிறோம். மாமா சொல்லித் தருவார். உங்கள் வண்டி, சைக்கிள் எதுவானாலும் பிரேக்கைப் பார்க்கணும் என்றால் ஓட்டிக்கொண்டு வாங்க. தமிழ் ஐயாவின் மொபெட்டும் ஸ்டாண்டில் நிற்கும்போது பின்சக்கரம் கொஞ்சம் ஆடுகிறது. ஐயாவும் வந்தால் சந்தோஷம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
12-ஆம் வகுப்பு 'இ' பிரிவு