தற்கொலை என்று எழுதிக் கோப்பை மூடாதே!

சிறைக்குள் ஒருவர் உயிரை மாய்த்துக் கொண்டால் அதிகாரிகளிடம் பதில் தயாராக இருக்கிறது: 'மன உளைச்சல்!' அந்த உளைச்சலைக் கொடுத்தது யார்?

2017 முதல் 2021 வரை இந்தியச் சிறைகளில் நிகழ்ந்த இயற்கைக்கு மாறான சாவுகள் 817. அவற்றில் 660 தற்கொலைகள்! சொல்வது நாமல்ல, உச்சநீதிமன்றம் அமைத்த நீதிபதி அமிதவ ராய் குழு. தற்கொலைக்கு வழியில்லாதபடி சிறை அறைகளைக் கட்டச் சொல்கிறது அக்குழு. கட்டட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் சுவரை மாற்றிவிட்டால் உள்ளே இருப்பவரின் துயரம் தீர்ந்துவிடுமா?

2022 கணக்குப்படி சிறையில் இருப்போரில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள்! வாய்தா மேல் வாய்தா. வெளியே பெண்டாட்டி பிள்ளைகள் என்ன ஆனார்களோ என்ற கவலை. ஜாமீன் உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் வேறு. (ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த வணிகர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.)

2017ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது? மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநலச் சிகிச்சைப் பிரிவு வேண்டும் என்கிறது. ஒன்றாவது! தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்காதே, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிச் சிகிச்சை கொடு என்பதும் அதே சட்டம்தான்.

சிறையில் இயற்கைக்கு மாறாக இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்க நடவடிக்கை எடுக்கும்படி 2017 செப்டம்பரில் உயர்நீதிமன்றங்களைக் கேட்டுக்கொண்டது உச்சநீதிமன்றம். ஆட்சியாளர்களே! எத்தனை குடும்பங்களுக்குக் கொடுத்தீர்கள்? எந்தெந்தச் சிறையில் எத்தனை மனநல மருத்துவர்கள்? பட்டியலை வெளியிடுங்கள்!